எனாமல் காய ஒரு ராத்திரி ஆகும்

எங்கள் கடை கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலிக்கென்று மூன்று ஃபோல்டர் இருக்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்டியன். ராத்திரி பதினொரு மணிக்கு ஷட்டரைத் தட்டுகிறவரிடம் உட்கார்ந்து டிசைன் பேசிக்கொண்டிருக்க முடியாது. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, ஒரு போட்டோ, இவ்வளவுதான் கேட்போம். அந்த போட்டோவும் பாதி நேரம் யார் கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவாக இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் தோளை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வட்டத்துக்குள் வைக்கவேண்டும்.

கிறிஸ்டியன் ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் தயாராக இருக்கும். மேகத்துக்கு நடுவில் கைவிரித்து நிற்கிற இயேசு, சிலுவைமேல் தொங்குகிற வெள்ளைத் துணி, புறா, மெழுகுவத்தி, ஓரத்துக்கு ரோஜா. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடு என்றால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போடவேண்டும். ஆர்.சி. வீடு என்றால் ‘இறைவனில் இளைப்பாறுகிறார்’. இதை மாற்றிப் போட்டு ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆறுக்கு நாலு அடி ஃப்ளெக்ஸ் இருபது நிமிஷத்தில் ரெடி.

என் தம்பிக்கு பேனர் போட்டதும் இந்த ஃபோல்டரிலிருந்துதான்.

நான்தான் போட்டேன். வேறு யாரையும் போடவிடக்கூடாது என்று ஏனோ தோன்றியது. உட்கார்ந்தேன், மேகத்து இயேசுவை இழுத்துவைத்தேன், தம்பி போட்டோவை வட்டத்தில் வைத்தேன், தேதி அடித்தேன். கை பாட்டுக்கு வேலை செய்தது. மெஷின் ஓடி முடித்து ஃப்ளெக்ஸ் கீழே இறங்கும்போதுதான் பார்த்தேன். அவனைச் சுற்றி இருந்த ஒன்றுகூட அவனுக்குப் பொருந்தவில்லை. புறாவுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? புறா வளர்த்தவன் எதிர்வீட்டுப் பையன். என் தம்பி அதைத் திருடிச் சாப்பிட்டவன்.

கொஞ்சம் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் எளாவூர். கும்மிடிப்பூண்டி தாண்டினால் அடுத்த ஸ்டேஷன், அதற்கடுத்தது ஆரம்பாக்கம், அப்புறம் தடா, ஆந்திரா வந்துவிடும். பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் தமிழ், அப்பாவுக்கு எல்லா வீட்டிலும் நைனா. மேற்கே நெடுஞ்சாலை, கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. எங்கள் அம்மா ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். நைனா பெயின்டர். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பெயின்டர் இல்லை, ஆர்ட்டிஸ்ட். லாரிக்கு நம்பர் பிளேட், கடைக்கு போர்டு, படகுக்குப் பெயர் எழுதுவது எல்லாம் அவர்தான். ‘எல்லையம்மன் துணை’ என்று ஒரு படகுக்கு எழுதிவிட்டு அதே பிரஷ்ஷைக் கழுவி அடுத்ததற்கு ‘ஆரோக்கிய மாதா’ என்று எழுதுவார். இரண்டுக்கும் ஒரே ரேட். அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. நைனாவின் தொழிலைச் சாப்பிட்ட மெஷினில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அவர் இதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தம்பி போனது பைக்கில். நெடுஞ்சாலை, விடியற்காலை, லாரி. அதற்குமேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

எழுத இருப்பது அன்று சாயந்திரம் நடந்தது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடம்பு வந்தது. தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளைத் துணியில் சுற்றி, நாடாவால் கட்டி, முகத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, “எம்புள்ளைய மடியில போடுங்க” என்றாள். போட முடியாது, தலையைத் தூக்கக்கூடாது என்று கூட வந்தவர் சொல்லிவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் அப்படியே மடியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் உட்கார்ந்தபடியே நகர்ந்து கால்மாட்டுக்குப் போய், நாடாவை அவிழ்த்து, துணியை விலக்கி, அவன் பாதம் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது கால் பெருவிரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும். பத்தாவது படிக்கும்போது மாமாவின் படகில் போய் இன்ஜினைக் காலில் போட்டுக்கொண்டான். அந்த நகத்தையே அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள், அழுக்கு மாதிரி.

எல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்துக் கடைக்குப் போனேன். அந்த ஃபோல்டரைத் தொட முடியவில்லை. முதலாளியிடம், படங்கள் எல்லாம் பழசாகிவிட்டது, பெரிசு பண்ணினால் உடைகிறது, புதுசு தேடிப் போடுகிறேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை. அப்படித் தேட ஆரம்பித்துத்தான் இந்த ஓவியங்களுக்குள் வந்தேன். நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள் இல்லை. சென்னையில் 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் ஆரம்பித்த அந்தக் கல்லூரி வாசலை பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. அதனால் நிபுணர் மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் தேடியது மடியில் மகனைக் கிடத்திய மாதாதான். எல்லோரும் போகிற இடம் மைக்கேலாஞ்சலோ. 1499 வாக்கில் முடித்த பளிங்குச் சிலை, ரோமில் புனித பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. கூகுளில் எத்தனை பெரிசு பண்ணினாலும் உடையாத படங்கள் கிடைக்கின்றன. பார்த்தேன். அழகு, மறுக்க முடியாது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. மாதா மகனைவிடச் சின்னப் பெண்ணாக இருக்கிறாள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, முழு உடம்பும் மடியில் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு அது கொடுத்துவைக்கவில்லையே என்றுதான் தோன்றியது.

அப்புறம் ஒரு விஷயம் தெரியவந்தது. நான்கு நற்செய்தியிலும் இந்தக் காட்சியே கிடையாது. சிலுவையடியில் தாய் நின்றாள் என்று யோவான் எழுதுகிறார். அரிமத்தியா ஊர் யோசேப்பு உடலைக் கேட்டு வாங்கினார், துணியில் சுற்றினார், கல்லறையில் வைத்தார். தாய் மடியில் வைத்ததாக யாரும் எழுதவில்லை. சுமார் 1300-ஐ ஒட்டி ஜெர்மன் பகுதிகளில் மரத்தில் செதுக்க ஆரம்பித்து, அங்கிருந்து பரவி, கடைசியில் சிலுவைப்பாதையின் 13-ஆம் ஸ்தலமாகவே ஆகிவிட்டது. எங்கள் கோயிலில் அதைச் சொல்லும்போது, மாதா மடியில் ‘வளர்த்துகிறார்கள்’ என்பார்கள். வளர்த்துவது என்றால் கிடத்துவது. சின்ன வயதில் எனக்கு அது தெரியாது. செத்துப்போனவரை ஏன் மடியில் போட்டு வளர்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தக் குழப்பமே சரியாகப் படுகிறது. வேதத்தில் எழுதாமல் விட்ட ஒரு நிமிஷத்தை, பிள்ளையைப் பறிகொடுத்த ஏதோ ஒரு தாய்க்காக யாரோ ஒரு தச்சன் செய்து கொடுத்திருக்கிறான்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வான்கோ வந்தார். சூரியகாந்தி காலண்டர் வான்கோ இல்லை. 1889 செப்டம்பரில், தெற்கு பிரான்சில் சான்-ரெமி என்ற ஊர் மனநல விடுதியில் இருந்தபோது வரைந்த மாதா. டெலக்ருவா வரைந்த ஓவியத்தின் கறுப்பு வெள்ளை அச்சுப்பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. உடம்பு முடியாமல் இருந்த சமயத்தில் அந்தப் பிரதி எண்ணெய்க் கலருக்குள் விழுந்து வீணாகிவிட்டது. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். வீணானதைப் பார்த்துத்தான் புதுசாக வரைந்தார். பெயின்டர் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த இடம் உடனே புரிந்தது. டப்பா கவிழாத வீடா?

படத்தில் மாதா மகனைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. உடம்பு சரிந்து கிடக்கிறது, அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருக்கிறாள். அந்தக் கைகளில் எதுவும் இல்லை. வான்கோவே தன் தங்கைக்கு எழுதும்போது அந்த வெறுங்கைகளைத்தான் குறிப்பிட்டுச் சொல்கிறார். மொபைலில் அதைப் பார்த்துக்கொண்டே, மடியை விரித்து வைத்துக்கொண்டு அம்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அச்சுப்பிரதியில் கலர் கிடையாது. அப்படியானால் கலர் எல்லாம் வான்கோவின் சொந்த முடிவு. இறந்து கிடக்கிற கிறிஸ்துவுக்கு அவர் செம்பட்டைத் தாடி போட்டிருக்கிறார். அது யார் தாடி என்று அவருடைய எந்த சுயஓவியத்தைப் பார்த்தாலும் தெரியும். நான் கிறிஸ்துவாக்கும் என்ற பெருமை அதில் இல்லை. விடுதியில் படுத்துக் கிடக்கிறவன் தன்னை மடியில் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் தேடுகிறான். வாங்க வருகிறவள் கையும் தாங்கவில்லை.

அவருக்கும் சாமிக்கும் இருந்த பழக்கம் சிக்கலானது. அப்பா போதகர். இவரும் பெல்ஜியத்துச் சுரங்கத் தொழிலாளிகளிடம் போதிக்கப் போனார். போதித்ததைவிட அவர்களோடு சேர்ந்து பட்டினி கிடந்ததுதான் அதிகம். 1879-ல் வேலையை நீட்டிக்காமல் விட்டுவிட்டார்கள். அப்பாவோடு சண்டை. 1885 மார்ச்சில் அப்பா இறந்துபோனார். அக்டோபரில் அப்பாவின் பெரிய பைபிளை மேஜையில் விரித்துவைத்து ஒரே நாளில் வரைந்து முடித்தார். ஏசாயா 53-ஆம் அதிகாரம், துக்கம் சுமக்கிற ஊழியன் வருகிற இடம். பக்கத்தில் அணைந்த மெழுகுவத்தி. முன்னால் மஞ்சள் அட்டையில் கசங்கிப்போன ஒரு நாவல், எமிலி ஸோலா எழுதியது, அப்பாவுக்கு ஆகாத ரகம். சண்டையும் பாசமும் ஒரே மேஜையில். என் ஃபோல்டரில் இருக்கிற மெழுகுவத்தி எல்லாம் எரிந்துகொண்டே இருக்கும். அணைந்த மெழுகுவத்தியை எந்தக் கஸ்டமரும் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. சாவு வீட்டில் அதுதானே உண்மை?

வான்கோவின் அப்பா இருந்த சபை டச்சு சீர்திருத்த சபை. எங்களுக்கு டச்சுக்காரர்கள் அந்நியம் இல்லை. போர்ச்சுக்கீசியர் 1515-ல் மகிமை மாதா கோயிலைக் கட்டினார்கள் என்று பழவேற்காட்டில் சொல்வார்கள். அதற்கடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை மண்மேடாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தொல்லியல் துறை காவலில். சுரூபம் வைத்துக் கும்பிடுவதே தப்பு என்கிற கூட்டம் அவர்களுடையது. 1566-ல் அவர்கள் நாட்டில் கோயில் கோயிலாகப் புகுந்து சுரூபங்களை உடைத்தவர்கள், சுவரில் இருந்த படத்தையெல்லாம் வெள்ளையடித்து மூடியவர்கள். மாதாவும் வேண்டாம், புனிதர்களும் வேண்டாம். ஆனால் இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்து காய்ச்சலில் சாகும்போது அவர்களுக்கும் ஏதோ ஒரு உருவம் தேவைப்பட்டிருக்கிறது. கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப்போனபோது தம்பி அதில் ஒன்றுக்குக் கைகொடுத்துவிட்டு டீச்சரிடம் அடி வாங்கினான்.

2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். பண்டிகைக்குப் புதுத்துணி போட்டு ஏரி பார்க்க வந்தவர்கள். அன்று ராத்திரி எங்கள் குடிலில் குழந்தை இயேசுவுக்குப் போட்டிருந்த சீரியல் லைட்டை நைனா போய் அணைத்துவிட்டு வந்தார். யாரும் அணைக்கச் சொல்லவில்லை, ஏன் அணைத்தாய் என்று கேட்கவும் இல்லை.

ஏரியைப் பற்றிச் சொல்லும்போது கூழைக்கடாவை விடமுடியாது. சூளூர்ப்பேட்டை தாண்டி நேலப்பட்டில் கூடு கட்டும், இரைக்கு எங்கள் ஏரிக்கு வரும். அம்மா ஊர்ச் சின்னக் கோயிலில் நற்கருணைப் பேழைக் கதவில் பித்தளையில் ஒரு பறவை இருக்கும், கீழே மூன்று குஞ்சு. நாங்கள் கொக்கு என்று நினைத்திருந்தோம். படம் தேடும்போதுதான் தெரிந்தது, அது கூழைக்கடா. இத்தாலியில் 14-ஆம் நூற்றாண்டில் வரைந்த சிலுவைப் படங்கள் சிலவற்றில் சிலுவையின் உச்சியிலேயே கூடு கட்டி உட்கார்ந்திருக்கிறது. தன் மார்பைத் தானே கொத்தி ரத்தத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும், ஆகவே கிறிஸ்துவுக்கு அடையாளம் என்பார்கள். நிஜத்தில் அது பைக்குள் இருக்கிற மீனை வெளியே எடுக்க அலகை மார்பில் அழுத்துகிறது. ஏரியில் வளர்ந்தவன் எவனும் இந்தக் கதையை நம்பமாட்டான்.

ஆனால் கதையின் முன்பாதியை யாரும் சொல்வதில்லை. ‘பிசியோலோகஸ்’ என்று ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களிடம் புழங்கிய கிரேக்க நூல் ஒன்று உண்டு. அதில் இருக்கிற கதைப்படி, குஞ்சுகள் வளர்ந்ததும் தாய் தகப்பனை முகத்தில் அடிக்கின்றன. பெற்றவர்கள் கோபத்தில் திருப்பி அடிக்கிறார்கள். குஞ்சுகள் செத்துவிடுகின்றன. அப்புறம் மூன்று நாள் துக்கம். மூன்றாம் நாள் தாய் தன் விலாவைக் கிழித்து ரத்தம் விட, குஞ்சுகள் உயிர்க்கின்றன.

ஒருநாள் சோறு சாப்பிடும்போது இதை நைனாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த பைக்குக்கு லோனில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர். வாங்கிக் கொடுக்காதே என்று அம்மா ஒரு வாரம் சண்டை போட்டாள்.

“எத்தினி நாளு?” என்றார்.

“மூணு நாள், நைனா.”

“அப்பால எழுந்துக்குதா?”

“கதையில எழுந்துக்குது.”

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

கோவாக்காரர் சூசாவைக் கொஞ்ச நாள் பார்த்தேன். பிரான்சிஸ் நியூட்டன் சூசா, 1924-ல் பிறந்தவர். பிறந்த கொஞ்ச நாளிலேயே அப்பா போய்விட்டார், அக்காவும் போனாள். இவருக்கு அம்மை வார்த்து, பிழைத்தால் உன் பெயரை வைக்கிறேன் என்று அம்மா பிரான்சிஸ் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டாள். அவர் 1959-ல் வரைந்த சிலுவைப்பாடு லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்த கிறிஸ்து, முள்முள்ளாக உடம்பு, பல்லைக் கடித்துக்கொண்டு. கருணை பொங்கும் கண் எல்லாம் கிடையாது. நல்ல படம்தான், ஆனால் எனக்கு அதோடு வெகுநேரம் இருக்க முடியவில்லை. அந்தக் கோபம் ஆண்பிள்ளைக் கோபம். எங்கள் வீட்டுத் துக்கம் சத்தமே இல்லாதது.

ஹுசைன்தான் நின்றார். எம்.எஃப். ஹுசைன் கிறிஸ்தவரே இல்லை. 1915-ல் பண்டர்பூரில் பிறந்த முஸ்லிம். நடக்கப் பழகுகிற வயதில் அம்மா இறந்துவிட்டாள், முகம் நினைவில் இல்லை. அன்னை தெரேசாவை அவர் வரைந்தபோது, நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை இருக்கும், மடியில் குழந்தையோ மனிதனோ இருக்கும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு, அல்லது ஒன்றுமே இருக்காது. வருஷக்கணக்காக அந்தப் புடவையைத் திரும்பத் திரும்ப வரைந்தார், முகம் மட்டும் போடவே இல்லை. அம்மாவைத் தேடித்தான் அப்படி வரைந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு முஸ்லிம் பிள்ளை தன் அம்மாவைத் தேடிப் போய் மாதாவின் மடியில் வந்து நிற்கிறான்.

கடைக்கும் அப்படி வருவார்கள். போட்டோவே இல்லாத கிழவி செத்திருப்பாள். ஆதார் கார்டில் இருக்கும் படம் அவளுக்கே அடையாளம் தெரியாது. “படம் இல்லாமலே போடும்மா” என்பார்கள். வட்டத்துக்குள் ஒரு விளக்கை வைத்து அடித்துக் கொடுப்பேன். அப்போதெல்லாம் அது குறையாகத்தான் பட்டது.

இப்போது நைனா செய்ததைச் சொல்கிறேன். இத்தனை நேரம் சுற்றி வந்ததே அதற்காகத்தான்.

அம்மா ஊர்க் குப்பத்தில் ஒரு கெபி உண்டு. உள்ளே வியாகுல மாதா, மடியில் கிறிஸ்து. மூன்றடி உயரம், சிமெண்ட் சுரூபம். மாதாவின் நெஞ்சில் ஏழு துக்கத்துக்கு ஏழு வாள் குத்தியிருக்கும். அதில் ஒன்று உடைந்து, நைனா சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து நட்டுவைத்துப் பல வருஷம் ஆகிறது. செப்டம்பர் 15 வியாகுல மாதா திருநாள். உப்புக்காத்துக்கு ஒரு வருஷம்கூடப் பெயின்ட் தாங்காது. அதனால் ஒவ்வொரு வருஷமும் திருநாளுக்கு முன்னால் நைனா போய்ப் பழைய பெயின்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, எனாமல் அடிப்பார். கூலி வாங்கமாட்டார், மீன் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். தம்பிதான் எப்போதும் உதவிக்குப் போவான். அந்த வருஷம் நான் போனேன்.

இரண்டு நாளில் புடவை நீலம் முடிந்தது, பாறை முடிந்தது, வாள்களுக்கு சில்வர் முடிந்தது. கிறிஸ்துவின் உடம்புக்கு ஸ்கின் கலர் கலந்தார். வெள்ளையில் கொஞ்சம் காவி, கொஞ்சம் மஞ்சள், பிரஷ் நுனியில் சிவப்பு. எல்லாம் வழக்கமான கணக்கு. மாதாவின் முகம் மட்டும் பிரைமர் வெள்ளையிலேயே நின்றது.

“மூஞ்சி எப்போ, நைனா?”

“போடலாம்.”

மூன்றாம் நாளும் போடவில்லை. கெபிக்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உபதேசியார் வந்து பார்த்தார். “இன்னா ஆர்ட்டிஸ்ட், கொடியேத்தத்துக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குது? மாதாவுக்கு மூஞ்சி இல்லாம எப்படி?” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஆனால் குப்பத்துப் பெண்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. காலையில் மீன் கூடையோடு போகும்போது கூடையை இறக்கிவைத்து, கண்ணும் வாயும் இல்லாத அந்த வெள்ளை முகத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு கிழவி மட்டும் கிட்டே வந்து முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டாள். பிரைமர் மாவு அவள் முந்தானையில் ஒட்டிக்கொண்டது.

நான்காம் நாள் சாயந்திரம் நைனா ஜீரோ நம்பர் பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். “நீ போடு.”

நான் மவுஸ் பிடித்தவள். தப்பு வந்தால் கன்ட்ரோல் இசட். சிமெண்டில் அதெல்லாம் நடக்காது. கை நடுங்கியது. புருவத்தை ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும், இழுத்தேன். இடது கண் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. கண்ணீர் மூன்று சொட்டு எப்போதும் வைப்பார் நைனா, நான் வைக்கவில்லை. வேண்டுமென்று விடவில்லை, அந்த இடத்துக்கு வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் நைனா என் பக்கம் இல்லை. கெபிக்குள் குனிந்து, மொபைல் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, கிறிஸ்துவின் காலடியில் ஏதோ செய்துகொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்து அம்மா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பி போன பிறகு அவள் கெபிப் பக்கம் வந்தது அன்றுதான். மாதா முகத்தைப் பார்த்தாள். நான் போட்டது என்று தெரிந்துகொண்டாளோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் கண்ணுக்கு நேராக வந்தது கிறிஸ்துவின் பாதம்தான். ஆணி அடித்த காயத்துக்குச் சிவப்பு வைத்திருந்தார், எல்லா நகத்துக்கும் வெளிர் ரோஸ் வைத்திருந்தார். வலது கால் பெருவிரல் நகம் மட்டும் கறுப்பு.

அம்மா கையை நீட்டினாள்.

“தொடாத,” என்றார் நைனா. “எனாமல். காய ஒரு ராத்திரி ஆவும்.”

அவள் தொட்டுவிட்டாள். தேய்த்தாள். கட்டைவிரலில் கறுப்பு வந்தது. விரலை லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் தின்னர் பாட்டிலைத் தேடி எடுப்பதற்குள், முந்தானையில் துடைத்துக்கொண்டு கேரியரைத் திறந்து எங்களுக்குச் சோறு போட்டாள்.